யாரும் கேட்காமல் வளர்ந்தவர்களுக்கு: நட்பும் காதலும் வழியாகத் தேறிவர ஒரு வழிகாட்டி

கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தபோது ஒரு நாள் இரவு நண்பன் வீட்டில் சாப்பிட்டேன். மூன்று தோசை முடித்துவிட்டு "போதும்மா" என்றேன். அவன் அம்மா காதில் விழாத மாதிரி நாலாவதைத் தட்டில் போட்டுவிட்டு, "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டார். அவ்வளவுதான். கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அதற்கப்புறம் ஆறு மாதம் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை.

எனக்கு ஒன்பது வயதில் அம்மா போய்விட்டார். அப்பாவுக்கு வேலை, வேலை விட்டால் மௌனம். சாப்பாடு, துணி, ஃபீஸ் எதிலும் குறை வைத்ததில்லை. ஒரு நாளும் அடித்ததில்லை. ஆனால் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று பத்து வருடத்தில் யாரும் என்னைக் கேட்டதும் இல்லை. இந்த மாதிரி வளர்ந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் உளவியல் படித்தவன் அல்ல. பட்டுத் தெரிந்ததும் படித்துத் தெரிந்ததும் இதில் கலந்திருக்கிறது. படிகள் என்று எண் போட்டிருந்தாலும் ஒன்று முடிந்தபிறகுதான் அடுத்தது என்று இல்லை. இரண்டாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நான் பல தடவை திரும்பி வந்திருக்கிறேன்.

படி 1: நடக்காததை எழுதிப் பாருங்கள்

அடி வாங்கி வளர்ந்தவருக்குச் சொல்ல ஒரு கதையாவது இருக்கும். கவனிப்பில்லாமல் வளர்ந்தவருக்கு அதுவும் இருக்காது. "உனக்கு என்னடா குறை வெச்சோம்?" என்று வீட்டில் கேட்டால் வாய் அடைத்துப்போகும். எதுவும் நடக்கவில்லை, அதுதான் பிரச்சினை. நடக்க வேண்டியவை நடக்கவில்லை.

1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் தாய், சில நிமிடம் மட்டும் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் உட்கார வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும். ஒன்றும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சில நிமிடத்துக்கே இப்படி. வருடக்கணக்கில் இதே முகத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை கையை நீட்டுவதையே மறந்துவிடும். 1990களில் கலிஃபோர்னியாவின் சான் டியகோவில் 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சிறுவயதுத் துன்பங்களுக்கும் பிற்காலத்து உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார்கள். அதிலும் அடி உதைக்குப் பக்கத்தில், மனரீதியான புறக்கணிப்புக்குத் தனி இடம் கொடுத்தார்கள். ஆகவே "இதெல்லாம் ஒரு பிரச்சினையா" என்று உங்களை நீங்களே அதட்ட வேண்டாம்.

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தபோது முதலில் கவனித்தது யார்? பள்ளியில் பயந்துபோன நாளில் யாரிடம் சொன்னீர்கள்? பரிசு வாங்கிய அன்று ஓடிவந்து யாரிடம் காட்டினீர்கள்? பெண்ணாக இருந்தால், வயதுக்கு வந்தபோது யார் உட்கார வைத்து விளக்கினார்கள்? (சடங்கு யார் செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை.) "யாருமில்லை" என்று பதில் வரும் இடங்களில் கோடு போடுங்கள். பின்னால் தேவைப்படும்.

இது வீட்டார்மேல் போடும் வழக்கு அல்ல. அப்பா பதினைந்து வருடம் வளைகுடாவில் இருந்திருக்கலாம். அம்மா பெயர் வைக்கப்படாத மனச்சோர்வோடு சமைத்துப் போட்டிருக்கலாம். அவர்கள் பக்க நியாயம் புரிந்ததும் நம் வலி தீர்ந்துவிட வேண்டும் என்று நினைப்பதுதான் தப்பு. நியாயம் அவர்களுடையது, வலி நம்முடையது. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

படி 2: தள்ளிப்போட்ட துக்கத்தை அழுது முடியுங்கள்

நம் ஊர் சாவு வீட்டில் பெரியவர்களுக்கு எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. ஒப்பாரி உண்டு, மார்பில் அடித்துக்கொள்ளலாம், கட்டிப்பிடித்து அழலாம், பதினாறாம் நாள் வரை வீடு நிறைய ஆள் இருக்கும். குழந்தையை மட்டும் பக்கத்து வீட்டு டிவி முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். "அம்மா ஊருக்குப் போயிருக்காங்க" என்று ஒருவர் சொல்வார், "சாமிகிட்ட போயிட்டாங்க" என்று இன்னொருவர். கொஞ்சம் வளர்ந்த பையன் என்றால், "நீ ஆம்பளப் புள்ள, தங்கச்சியைப் பாத்துக்கணும், அழக்கூடாது." நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். அந்தப் பையன் சொன்ன பேச்சைக் கேட்டு இருபது வருடம் அழாமல் இருந்துவிடுவான்.

துக்கத்துக்கு ஐந்து கட்டம் என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் அதை எழுதியது, சாகப்போகும் நோயாளிகளோடு பேசிவிட்டு. இழந்தவர்கள் வரிசையாக ஏற வேண்டிய படிக்கட்டு அல்ல அது. எனக்கு உதவியது வேறொன்று. 1999-இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இருவர் முன்வைத்த கருத்து: துக்கப்படுகிறவர் ஊஞ்சல் மாதிரி இரண்டு பக்கமும் போய்வருவார். கொஞ்ச நேரம் இழப்பு, கொஞ்ச நேரம் பிழைப்பு. காலையில் அழுதுவிட்டு மதியம் பிரியாணியை ருசித்துச் சாப்பிட்டால் துக்கம் பொய் என்று ஆகாது. ஒரே பக்கத்தில் சிக்கிக்கொள்வதுதான் கஷ்டம். சிறுவயதில் இழந்தவர்களில் நிறையப் பேர் பிழைப்புப் பக்கத்திலேயே சிக்கியவர்கள்.

இறந்தால்தான் இழப்பு என்றும் இல்லை. குடியில் மூழ்கிய அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருப்பார், ஆனால் இருக்க மாட்டார். ஈழத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் படத்துக்கு மாலை போடவும் முடியாமல், போடாமல் இருக்கவும் முடியாமல் வளர்ந்தார்கள். பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த இரண்டு வகையையும் தெளிவில்லாத இழப்பு என்கிறார். காரியம் செய்து முடிக்க முடியாத துக்கம் என்று நான் புரிந்துகொண்டேன்.

செய்ய வேண்டியது சின்னது. இறந்தவரைத் தெரிந்த ஒரு பெரியவரிடம் போய்ச் சாதாரண விஷயங்களைக் கேளுங்கள். "தங்கமானவ" என்ற புகழ் எதற்கும் உதவாது. என்ன சினிமா பார்ப்பார், எதற்குக் கோபம் வரும், என்ன காய் பிடிக்காது என்று கேளுங்கள். அம்மா சாம்பாரில் துளி வெல்லம் போடுவார், அதற்காக மாமியாரிடம் திட்டு வாங்குவார் என்று என் அத்தை ஒரு நாள் சொன்னார். மாலை போட்ட படத்தில் இருந்தவர் அன்றைக்குத்தான் எனக்கு ஒரு மனுஷியானார். அன்றைக்குத்தான் ஒழுங்காக அழுதேன்.

படி 3: முதலில் நட்பு

நம்மைப் போன்றவர்கள் நேராகக் காதலுக்குத் தாவுவோம். இத்தனை வருடப் பசியையும் ஒரே ஆள் தீர்த்துவிடுவார் என்று ஒரு எண்ணம். நட்பில் அவ்வளவு பணயம் இல்லை. நாலு பேரோடு நாலு விதமாகப் பழகலாம், ஒருவரோடு சரிப்படாவிட்டால் உலகம் இடிந்து விழாது. நம் பழைய அகப்பாட்டுகளில்கூடத் தலைவி மனதைத் திறப்பது பெரும்பாலும் தோழியிடம்தான். காதல் தாங்கி நிற்க ஒரு நட்பு தேவை என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளரின் குழு பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. வறுமை, குடி, மனநோய் என்று கடினமான வீடுகளில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். பாட்டியோ வாத்தியாரோ பக்கத்து வீட்டுக்காரரோ, பிள்ளைமேல் அக்கறை வைத்த ஒரு ஆளாவது அவர்களுக்கு இருந்தார். எனக்கு இதைவிடப் பிடித்தது அடுத்த பகுதி. பதின்வயதில் தடுமாறியவர்களிலும் நிறையப் பேர் முப்பது, நாற்பது வயதுக்குள் திரும்பி வந்துவிட்டார்கள். நிதானமான ஒரு துணையைக் கைப்பிடித்தது அதற்கான காரணங்களில் ஒன்று.

நட்புக்கு நேரம் பிடிக்கும். 2018-இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் கணக்குப் போட்டார்: தெரிந்தவர் சும்மா பேசிப்பழகும் நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நல்ல நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200-க்கு மேல். சேர்ந்து வேலை பார்த்த நேரத்தைவிட, சும்மா அரட்டை அடித்த நேரமே அதிகம் உதவுகிறது. ஆகவே முதல் சந்திப்பிலேயே சின்ன வயசுக் கதை எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். வாரத்தில் ஒரே நாள், ஒரே இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை ஷட்டில், வெள்ளி மாலை டீக்கடை, எதுவானாலும் சரி. திரும்பத் திரும்ப நடப்பதுதான் முக்கியம். நாம் இழந்ததும் அதைத்தானே, நாளைக்கும் இருப்பார் என்ற உறுதி.

படி 4: கேட்கப் பழகுங்கள்

கவனிப்பில்லாமல் வளர்ந்தவரை அடையாளம் காண்பது சுலபம். எல்லோருக்கும் ஓடி ஓடி உதவுவார், அடுத்தவர் கதையை மணிக்கணக்கில் கேட்பார். "உனக்கு என்ன வேணும்?" என்றால் "எனக்கு ஒன்னும் வேணாம்" என்பார். ஜுரத்தோடு தானே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், நாலு நாள் கழித்துச் சிரித்துக்கொண்டே சொல்வார். ஊரில் இதற்கு நல்ல பிள்ளை என்று பெயர். நானும் அந்தப் பட்டம் வாங்கியவன்தான். கேட்டால் கிடைக்காது என்று ஆறு வயதில் முடிவு செய்தவன் முப்பதிலும் கேட்பதில்லை என்பதுதான் அதன் உள் விவகாரம்.

மிகச் சின்னதாகத் தொடங்குங்கள். "உப்பை எடுத்துக் கொடேன்" அளவுக்குச் சின்னது. அப்புறம், "வரும் வழியில் ஒரு பாராசிட்டமால் வாங்கிட்டு வர முடியுமா?" அடுத்த மாதம், "சனிக்கிழமை வீடு மாத்தறேன், ரெண்டு மணி நேரம் வா." கடைசியில்தான், "இன்னைக்கு மனசு சரியில்ல, பத்து நிமிஷம் பேசணும்." ஒவ்வொரு தடவையும் இரண்டு விதி. "சிரமம்னா வேணாம்" என்று வாலை ஒட்டவைக்கக் கூடாது. வாங்கிய உதவியை மறுநாளே இரண்டு மடங்காகத் திருப்பி அடைக்கக் கூடாது. பாராசிட்டமால் வாங்கி வந்தவருக்கு நான் ஒரு தடவை சட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அது நன்றி இல்லை, கடன் பயம்.

சில தடவை மாட்டேன் என்பார்கள். மாட்டேன் என்றவர் அடுத்த வாரமும் வழக்கம்போல டீ குடிக்க வருவார். அதைப் பார்ப்பதுதான் பாடம்.

நல்ல செய்தியையும் சொல்லப் பழக வேண்டும். சம்பளம் உயர்ந்தது, எழுதியது பத்திரிகையில் வந்தது, அவியல் சரியாக வந்தது, எதுவானாலும் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். பரிசைக் காட்ட ஆளில்லாத அந்தப் பிள்ளைக்கு இது பெரிய விஷயம்.

படி 5: அன்பு வலிக்கும்போது ஓடாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தப் படியை வைத்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும்போது வலிப்பதைவிட, அன்பு கிடைக்கும்போதுதான் அதிகம் வலிக்கும். ரொம்ப நேரம் மடக்கி வைத்த காலை நீட்டினால் மரத்துப்போனது தெளியும்போது குத்துமே, அந்த மாதிரி. யாரோ நாலாவது தோசை போட்டதும், இதுவரை போடப்படாத தோசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வருகின்றன. இப்படி இருந்திருக்கலாமே என்ற அந்தத் துக்கம், ருசி தெரிந்த பிறகுதான் வரும்.

நாம் அதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறோம். "இவர்களோடு இருந்தால் மனசு கஷ்டப்படுகிறது, ஏதோ சரியில்லை" என்று விலகிவிடுவோம். போனை எடுக்க மாட்டோம், வேலை இருக்கிறது என்போம், இல்லாத குறையைக் கண்டுபிடிப்போம். நான் ஆறு மாதம் காணாமல் போனது அதனால்தான்.

அந்த நேரத்தில் செய்யக்கூடியவை சில. எழுந்து போக வேண்டும் போலிருந்தால் பத்து நிமிடம் மட்டும் போங்கள், போகும்போது "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி திரும்புங்கள். காரணம் விளக்க வேண்டியதில்லை. "ஒன்னுமில்ல, யாரும் இப்படிக் கேட்டதில்ல, அதான்" என்ற ஒரு வரி போதும். வீட்டுக்கு வந்து அந்த நோட்டில் கோடு போட்ட இடங்களில் எதை இன்று தொட்டுவிட்டார்கள் என்று பாருங்கள். பெரிய முடிவு எதையும் (பிரிவது, பிளாக் செய்வது, ஊரை மாற்றுவது) அந்த வாரத்தில் எடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஓடிப்போயிருந்தால் திரும்பப் போகலாம். ஆறு மாதம் கழித்து நான் போனபோது, "எங்கடா போயிட்ட" என்று மட்டும் கேட்டார் நண்பனின் அம்மா. அடுப்பில் கல் காய்ந்துகொண்டிருந்தது.

படி 6: காதலில் கவனிக்க வேண்டியவை

குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பை பிரிட்டனின் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியும், அவருடைய கருத்தை வளர்த்த மேரி எய்ன்ஸ்வொர்த்தும் விளக்கினார்கள். சிண்டி ஹசான், ஃபிலிப் ஷேவர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1987-இல், பெரியவர்களின் காதலிலும் அதே பிணைப்புதான் வேலை செய்கிறது என்று எழுதினார்கள். சிலர் அட்டையாய் ஒட்டிக்கொள்வார்கள், சிலர் நெருங்கினாலே விலகுவார்கள், சிலருக்கு இரண்டும். இந்த வகை பிறவிக்குணம் இல்லை, நிதானமான உறவில் மாறக்கூடியது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

முதல் பள்ளம், படபடப்பைக் காதல் என்று நினைப்பது. ஒரு நாள் நூறு மெசேஜ், மூன்று நாள் மௌனம் என்று இருப்பவர்மேல் நமக்கு உயிராக இருக்கும். எட்டு மணிக்குப் பேசுகிறேன் என்று சொல்லி எட்டு மணிக்கே பேசுபவர் போரடிப்பார். அந்த மௌனத்துக்குக் காத்திருந்து பழகிய மனசு அது. போரடிக்கிறவருக்கு மூன்று மாதம் கொடுத்துப் பாருங்கள் என்பது என் சொந்த சிபாரிசு.

இரண்டாவது, சோதனை வைப்பது. பிறந்தநாளை நினைவுபடுத்தாமல் இருந்து, மறக்கிறாரா என்று பார்ப்பது. கோபித்துக்கொண்டு போய், தேடி வருகிறாரா என்று பார்ப்பது. பரீட்சை நடப்பதே தெரியாதவர் கட்டாயம் ஃபெயில் ஆவார். ஒவ்வொரு சோதனையையும் கோரிக்கையாக மாற்றுங்கள்: "செவ்வாய்க்கிழமை என் பிறந்தநாள், சாயங்காலம் முழுக்க என்னோட இரு." கேட்டு வாங்கினால் அது அன்பா என்று தோன்றும். ஆமாம், அன்புதான். நாலாவது படியில் பழகியது இங்கேதான் உதவும்.

மூன்றாவதுதான் கஷ்டமானது. துணைவர் நம் அம்மா ஆக முடியாது. சொல்லாமலே புரிந்துகொள்வது கைக்குழந்தைக்கு உரிய சலுகை. அதை அப்போது பெறாதவர்கள் இப்போது காதலரிடம் கேட்கிறோம், அவர் திணறுகிறார். அந்தச் சலுகை இனிமேல் கிடைக்காது. அதற்கு அழ வேண்டும், மறுபடியும் இரண்டாம் படி. கிடைக்கக்கூடியது வேறு. 2006-இல் ஜேம்ஸ் கோன் என்பவரின் குழு, திருமணமான 16 பெண்களுக்கு லேசான மின்அதிர்ச்சி வரும் என்று சொல்லி மூளையை ஸ்கேன் செய்தது. கணவரின் கையைப் பிடித்திருந்தபோது பயத்துக்கான மூளைச் செயல்பாடு தணிந்தது. முன்பின் தெரியாதவரின் கை அந்த அளவுக்கு உதவவில்லை. உறவு நன்றாக இருந்தவர்களுக்குப் பலன் கூடுதல். பயம் வரும்போது பிடிக்க ஒரு கை, அவ்வளவு கேட்கலாம்.

சண்டை வரும். வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நாம் மனதுக்குள் மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுவோம். முதல் படியில் சொன்ன அதே ட்ரானிக் இன்னொன்றையும் கவனித்தார்: நன்றாகப் பழகும் தாயும் சேயும்கூடப் பெரும்பாலான நேரம் ஒத்துப்போவதில்லை, பிசகியதும் சரிசெய்துகொள்கிறார்கள். சண்டைக்குப் பின் யார் முதலில் பேசுவது என்று சமாதானமாக இருக்கும் நாளிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது காபி. யார் போட்டாலும் இரண்டு டம்ளர் போட வேண்டும் என்பது விதி.

ஒரு எச்சரிக்கை. உங்கள் கதையைக் கேட்டுவிட்டு, "உனக்கு என்னை விட்டால் யார் இருக்கா?" என்று சண்டையில் திருப்பிச் சொல்பவர், நண்பர்களிடமிருந்து உங்களைப் பிரிப்பவர், போனைச் சோதிப்பவர் யாராக இருந்தாலும் அங்கே பொறுமை காட்ட வேண்டாம். அஞ்சாம் படியில் ஓடாதே என்றது அன்புக்கு, இதற்கு இல்லை. அப்புறம், "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்று சொல்லும் உறவினர்களுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு நகருங்கள். பெரியவர்கள் பார்த்து வைத்த திருமணத்திலும் இந்தத் தேறுதல் நடக்கும், ஆனால் தாலி அதைச் செய்யாது, பழக்கம் செய்யும்.

படி 7: துணை போதாதபோது

இறப்பு நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் தினமும் அதே கனம் நசுக்கினால், தூக்கமும் வேலையும் கெட்டால், குடி ஏறினால், சாவு பற்றிய எண்ணம் வந்தால் நண்பரை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண் இலவசம், தமிழிலும் பேசலாம். சென்னையில் தற்கொலைத் தடுப்புக்கான ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் மனநல உதவி எண் 1926. முதல் அழைப்பில் என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் "எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை" என்றே தொடங்கலாம்.

படி 8: நாள்காட்டியில் குறியுங்கள்

அம்மாவின் திதி, அப்பா வீட்டை விட்டுப் போன மாதம், ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த ஜூன் மாதம், இவற்றை மனசு மறந்தாலும் உடம்பு மறக்காது. காரணம் தெரியாமல் எரிந்து விழுவீர்கள். ஒரு வாரம் முன்பே துணைவரிடமும் ஒரு நண்பரிடமும் சொல்லிவிடுங்கள், அன்றைக்கு என்ன வேண்டும் என்பதையும் சேர்த்து: பேச்சா, மௌனமா, கூட வருவதா, தனியாக விடுவதா. நான் முதல் தடவை சொன்ன வருடம், என் மனைவி ஒன்றும் பேசாமல் தலையாட்டினாள். திதியன்று படையலுக்கு வைத்த சாம்பாரை வாயில் வைத்ததும் துளி இனிப்பு தட்டியது. அத்தையிடம் போன் போட்டுக் கேட்டிருக்கிறாள். எவ்வளவு வெல்லம் என்று அத்தைக்கும் சரியாகத் தெரியாததால் கொஞ்சம் அதிகமாகவே போட்டுவிட்டாள்.